புரோட்டீன் ஷேக் தண்ணீர்க் கணக்கா, சாப்பாட்டுக் கணக்கா?

கேள்வி: மேடம், வணக்கம். அம்பாசமுத்திரத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். வீடு கடைக்குப் பின்னாலேயே. வயது 46. எடை குறைக்க மதுரையில் ஸ்லீவ் ஆபரேஷன் செய்து ஏழு வாரம் ஆகிறது. 131 கிலோ இருந்தேன், இப்போது 116. தினம் 70 கிராம் புரோட்டீன் உள்ளே போகவேண்டும், பவுடர் கலந்து குடியுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். எப்போது குடிப்பது என்பதில்தான் குழப்பம். விடியக்காலம் ஐந்தரைக்குக் கடை திறந்தால் ராத்திரி ஒன்பதரைக்குத்தான் அடைப்பேன். மகன் காலேஜ் முடிந்து ஆறு மணிக்கு மேல்தான் வருவான். அதனால் காலையில் இரண்டு இட்லியைத் தின்றுவிட்டு, அதோடு 300 மில்லி பாலில் கலந்த ஷேக்கையும் ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கல்லாவுக்கு வந்துவிடுவேன். பத்து நிமிஷத்தில் நெஞ்சை அடைக்கிறது. வாரத்தில் மூன்று நாள் வாந்தி. சாப்பாட்டுக்கு முன்னால் குடித்துப் பார்த்தேன், அப்புறம் சாப்பாடு இறங்கவில்லை. தங்கச்சி மகன் ஜிம்முக்குப் போகிறவன், உடற்பயிற்சி முடித்து அரை மணிக்குள் குடித்தால்தான் உடம்பில் சேரும் என்கிறான். அம்மா, பவுடர் கிட்னியைக் கெடுக்கும், உளுந்தங்களி தின்னு என்கிறாள். டீயை விட முடியவில்லை. புரட்டாசி வேறு வருகிறது, மீன் முட்டை கிடையாது. நான் என்ன செய்ய?

பதில்: அண்ணாச்சி, உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது ‘ஒரே மூச்சில்’ என்ற வார்த்தை. அங்கேதான் பாதி விஷயம் இருக்கிறது.

ஸ்லீவ் ஆபரேஷனில் இரைப்பையில் முக்கால் பாகத்துக்கு மேல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிச்சம் இருப்பது ஒரு குழாய், நீளமான வாழைப்பழம் மாதிரி. அதில் இப்போது 100 மில்லியிலிருந்து 150 மில்லி வரைதான் பிடிக்கும். உங்களுக்குப் படியளவு தெரியும் என்பதால் அந்தக் கணக்கிலேயே சொல்கிறேன். ஆழாக்கு கூடக் கொள்ளாத இடம் அது. நீங்கள் இட்லி, சாம்பார், 300 மில்லி பால் எல்லாம் சேர்த்து ஒரு உழக்குக்கு மேல் அதில் கொட்டுகிறீர்கள். நெஞ்சை அடைக்காமல் என்ன செய்யும்? பவுடர் மேல் தப்பில்லை, உங்கள் வயிற்றின் மேலும் தப்பில்லை.

ஷேக் விஷயத்துக்குப் போவதற்கு முன்னால் ஒன்று. வாரத்தில் மூன்று நாள் வாந்தி என்பதை ஆபரேஷன் செய்த டாக்டருக்கு இன்றைக்கே போன் போட்டுச் சொல்லுங்கள். நான் கீழே சொல்லும்படி மாற்றினால் அநேகமாக நின்றுவிடும் என்று நினைக்கிறேன், ஆனாலும் அந்தக் குழாயில் எங்காவது சுருக்கம் விழுந்திருந்தால் அதற்கும் வாந்திதான் வரும், அதைப் பார்த்துச் சொல்லவேண்டியவர் அவர். அடுத்த மாதம் செக்கப்புக்குப் போகும்போது கேட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிப் போடாதீர்கள்.

சரி, ஷேக் தண்ணீரா, சாப்பாடா? நீங்கள் கேட்டது முழுக்க இந்த ஒரு கேள்விக்குள் அடங்கும். தண்ணீர் என்று நினைத்தால் இட்லிக்கு மேல் ஊற்றிக்கொள்வீர்கள். பசியைக் கிளப்புகிற சூப் என்று நினைத்தால் சாப்பாட்டுக்கு முன்னால் குடிப்பீர்கள். இரண்டையும் செய்து பார்த்து இரண்டிலும் அடிபட்டிருக்கிறீர்கள். ஷேக் ஒரு வேளைச் சாப்பாடு. காலை, மதியம், ராத்திரிக்கு எப்படி ஒரு நேரம் வைத்திருக்கிறோமோ அதே மாதிரி அதற்கும் தனியாக ஒரு நேரம் வேண்டும். முன்னால் ஒரு மணி, பின்னால் ஒன்றரை மணி நேரத்துக்கு வேறு சாப்பாடு கிட்டத்தில் இருக்கக்கூடாது. அதில் இருக்கிற நீர் மட்டும் அன்றைய தண்ணீர்க் கணக்கில் ஏறும், அது ஒரு லாபம்.

தண்ணீருக்கும் சாப்பாட்டுக்கும் நடுவிலும் இடைவெளி வேண்டும் என்று உங்கள் ஆஸ்பத்திரித் தாளில் கட்டாயம் எழுதியிருப்பார்கள். சாப்பாட்டுக்குக் கால் மணி, அரை மணி முன்னால் தண்ணீரை நிறுத்திவிட வேண்டும், சாப்பிட்டு முடித்து அரை மணி கழித்துத்தான் மறுபடி தொடவேண்டும். சாப்பாட்டோடு தண்ணீர் போனால் ஒன்று இடம் பத்தாமல் மேலே வரும், இல்லை சாப்பாட்டைக் கரைத்து இறக்கிவிட்டு வயிறு நிறைந்த உணர்வே இல்லாமல் போகும். நம் ஊரில் சோற்றுக்குப் பக்கத்தில் செம்பு நிறைய தண்ணீர் வைக்காமல் இலை போடமாட்டார்கள், சின்ன வயசுப் பழக்கம், லேசில் விடாது. அதனால் சாப்பிட உட்காரும்போது அந்தச் செம்பையே வைக்காதீர்கள் என்று வீட்டில் சொல்லிவிடுங்கள். பக்கத்தில் இருந்தால் கை தானாகப் போகும்.

இப்போது உங்கள் கடை நேரத்துக்கு வருகிறேன். உணவு ஆலோசனை சொல்கிற இந்த வேலைக்கு வந்த புதிதில் நான் எல்லாருக்கும் ஒரே அட்டவணையை அச்சடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பதினோரு மணிக்கு ஷேக், ஒரு மணிக்குச் சாப்பாடு, நாலு மணிக்கு ஷேக் என்று. பீடி சுற்றுகிற அம்மாவுக்கும் அதே, பஸ் ஓட்டுகிறவருக்கும் அதே. ஒருவரும் செய்யவில்லை, செய்யமுடியாது என்று எனக்குப் புரிய இரண்டு வருஷம் ஆனது. அதிலிருந்து முதலில் அவரவர் நாள் எப்படி ஓடுகிறது என்று கேட்டுவிட்டுத்தான் பேசுகிறேன்.

உங்கள் நாளில் கூட்ட நேரமும் இருக்கிறது, ஓய்ந்த நேரமும் இருக்கிறது. சாப்பாட்டுக்கு உட்காரவேண்டும், மெல்லவேண்டும், இருபது இருபத்தைந்து நிமிஷம் வேண்டும். ஷேக்குக்கு இது எதுவும் வேண்டாம். கல்லாவில் இருந்துகொண்டே, பருப்பு நிறுத்துக்கொண்டே, ஒரு ஆள் போய் இன்னொரு ஆள் வருகிற இடைவெளியில் ஒரு வாய் வைத்துக்கொள்ளலாம். மெதுவாகக் குடிக்கவேண்டிய பொருளுக்குக் கூட்ட நேரம்தான் தோது, ஏனென்றால் மடமடவென்று குடிக்கவே விடமாட்டார்கள். நீங்கள் இதைத் தலைகீழாக வைத்திருக்கிறீர்கள். சாப்பிடக் கிடைத்த பத்து நிமிஷத்துக்குள் இட்லியையும் ஷேக்கையும் சேர்த்து அடைக்கிறீர்கள்.

இப்படி மாற்றிப் பாருங்கள். ஐந்து மணிக்கு எழுந்ததும் வென்னி, 150 மில்லி, கால் மணி நேரம் ஆகட்டும். ஸ்லீவ் செய்த பலருக்குக் காலையில் வயிறு இறுக்கமாக இருக்கும், கெட்டியாக எதுவும் இறங்காது, வெதுவெதுப்பான நீர் போனால் கொஞ்சம் இளகும். ஐந்தே முக்காலுக்கு முதல் ஷேக், 175 மில்லி தண்ணீரில் ஒரு ஸ்கூப். பால் வேண்டாம். ஆறரை வரை அதை இழுங்கள். எட்டரைக்குக் காலைக் கூட்டம் ஓய்ந்ததும் வீட்டுக்குள் போய் உட்கார்ந்து ஒரு அவித்த முட்டை, அரை இட்லி, சாம்பாரில் இருக்கிற பருப்பாகப் பார்த்து இரண்டு கரண்டி. முட்டை முதலில், இட்லி கடைசியில். ஒன்பதரையிலிருந்து பன்னிரண்டரை வரை தண்ணீர், 600 மில்லி. ஒரு மணிக்கு மதியச் சாப்பாடு, அதில் 60 கிராம் மீன், கொஞ்சம் காய், இரண்டு கரண்டி தயிர், வயிற்றில் இடம் இருந்தால் குழைந்த சோறு இரண்டு வாய். இரண்டு மணியிலிருந்து நாலு வரை தண்ணீர். ஐந்து மணிக்கு அரை ஸ்கூப்பை நீர்மோரிலோ தண்ணீரிலோ கலந்து இரண்டாவது ஷேக், சாயங்காலக் கூட்டத்தோடு கூட்டமாக அதுவும் போய்விடும். ஏழரைக்கு மகனைக் கல்லாவில் உட்காரவைத்துவிட்டு ராத்திரிச் சாப்பாடு, 50 கிராம் பன்னீரும் அரைக் கப் பாசிப்பருப்பும். எட்டரைக்கு மேல் இன்னும் கொஞ்சம் தண்ணீர்.

நீங்கள் கணக்குப் பார்க்கிறவர், அதனால் கூட்டியே காட்டுகிறேன். ஒரு ஸ்கூப்பில் 22 கிராம் புரோட்டீன் என்று வைத்துக்கொண்டால் காலை ஷேக் 22, முட்டையும் பருப்பும் இட்லியும் சேர்த்து 8, மீனும் தயிரும் 14, சாயங்காலம் 11, பன்னீரும் பருப்பும் 13. மொத்தம் 68. தண்ணீர் ஒன்றரை லிட்டரைத் தாண்டிவிடும். ஒவ்வொரு தடவையும் வயிற்றுக்குள் போவது கைப்பிடி அளவுதான்.

உங்கள் பழைய கணக்கையும் பாருங்கள். ஒரு இட்லியில் இரண்டு கிராம் புரோட்டீன். இரண்டு இட்லி தின்றால் இப்போதைய வயிறு ஏறக்குறைய நிறைந்துபோகும், கிடைப்பது நாலு கிராம். இட்லி கெட்டது என்று சொல்லவில்லை, தாராளமாகச் சாப்பிடுங்கள், இடம் கம்மியாக இருக்கும்போது யார் முதலில் உள்ளே போகவேண்டும் என்பதுதான் கேள்வி. முட்டை, மீன், பருப்பு, பன்னீர் முதலில். காய் அடுத்து. சோறும் இட்லியும் மிச்ச இடத்துக்கு.

மீன் எவ்வளவு 60 கிராம் என்று கண்ணால் சொல்லமுடியாது. உங்கள் கடைத் தராசு இருக்கிறதே! ஒரு வாரம் வீட்டுக்கு அதைக் கொண்டுபோய் முள் நீக்கின மீனையும் பன்னீரையும் நிறுத்துப் பாருங்கள். அப்புறம் கையே சொல்லிவிடும். தூத்துக்குடியிலிருந்து வருகிற சாளை, நெத்திலி, விளமீன் எது கிடைத்தாலும் சரி, பொரிக்காமல் குழம்பில் போட்டது நல்லது, புளியும் காரமும் பாதியாக. மீன் மெத்தென்று இருக்கும், சீக்கிரம் மசியும். கோழிக்கு அவசரப்படாதீர்கள், நார்நாராக இருக்கிற நெஞ்சுக்கறி இந்தச் சமயத்தில் நிறையப் பேருக்கு மாட்டிக்கொள்ளும். தேங்காய்ப்பால் சொதி சுலபமாக இறங்குகிறது என்று பலர் என்னிடம் சந்தோஷமாகச் சொல்வார்கள். இறங்கும்தான். ஆனால் அதில் பாசிப்பருப்பு கொஞ்சம், தேங்காய்ப்பால் நிறைய, சுலபமாக இறங்குகிறது என்பதாலேயே இரண்டு கிண்ணம் போய்விடும். முறுக்கு, மிக்சர் கதையும் இதுதான், நனைந்து கரைந்து வழுக்கிக்கொண்டு போகும், வயிறு தடுக்காது. கடையில் கைக்கு எட்டுகிற தூரத்தில் டப்பா டப்பாவாக வைத்திருப்பீர்கள், உங்களுக்கு அது பெரிய சோதனைதான் என்று எனக்குத் தெரியும். அந்த டப்பாக்களைக் கல்லாவிலிருந்து எதிர் அலமாரிக்கு மாற்றுங்கள்.

“பசிக்கும்போது சாப்பிட்டுக்கொள்கிறேனே, எதற்கு இந்த மணிக் கணக்கு?” என்று தோன்றும். வெட்டி எடுத்த பாகத்தில்தான் பசியைத் தூண்டுகிற கிரெலின் என்ற ஹார்மோன் அதிகம் சுரக்கும். அது குறைந்துபோனதால் முதல் சில மாதம் பசி சரியாகத் தெரியாது. கடை வேலையில் மத்தியானம் மூன்று மணி வரை ஒன்றும் தின்னாமல் இருந்தால்கூட உங்களுக்கு உறைக்காது. உடம்பு அந்த நேரத்தில் கொழுப்போடு சேர்த்துத் தசையையும் கரைத்துக்கொண்டிருக்கும். பசி திரும்பி வருகிற வரைக்கும் கடிகாரத்தைப் பார்த்துத்தான் சாப்பிடவேண்டும். செல்போனில் ஐந்து அலாரம் வையுங்கள், அலுப்பாகத்தான் இருக்கும், வையுங்கள்.

தங்கச்சி மகன் சொன்ன அரை மணிக் கணக்கை விட்டுவிடுங்கள். நாள் முழுக்க மொத்தம் எவ்வளவு போனது, அதைப் பிரித்துப் பிரித்துச் சாப்பிட்டீர்களா என்பதுதான் முக்கியம். உடற்பயிற்சி முடிந்து அரை மணி தாண்டினால் வீணாகிவிடும் என்று பயப்பட ஒன்றுமில்லை. அவன் சொல்வதில் ஒரு நல்லது இருக்கிறது, உடற்பயிற்சியையும் புரோட்டீனையும் சேர்த்துப் பேசுகிறான். எடை இறங்கும்போது தசை நிற்கவேண்டும் என்றால் இரண்டும் வேண்டும். டாக்டர் அனுமதித்துவிட்டார் என்றால் மதியம் கடை ஓய்ந்த நேரத்தில் ஆற்றுப் பக்கம் இருபது நிமிஷம் நடந்துவிட்டு வாருங்கள், வெயில் காலத்தில் அதையே ராத்திரிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

அம்மா சொன்னது வேறு. அதைத் தட்டிக்கழிக்க எனக்கு மனசு வரவில்லை. பவுடர் கிட்னியைக் கெடுக்கும் என்ற பயம் இங்கே வீட்டுக்கு வீடு இருக்கிறது. கிட்னி நன்றாக இருக்கிற ஒருவருக்கு 60, 70 கிராம் புரோட்டீன் அதிகமே கிடையாது. 65 கிலோ எடையுள்ள சாதாரண ஆண் ஒருவருக்கே நாளைக்கு 54 கிராம் வேண்டும் என்பது ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) 2020இல் சொன்ன அளவு. நீங்கள் ஆபரேஷனிலிருந்து தேறுகிறவர், உங்களுக்குச் சொன்னது அதைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். ஆபரேஷனுக்கு முன்னால் எடுத்த கிரியாட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிற ரத்தப் பரிசோதனை) ரிப்போர்ட்டை எடுத்து அம்மாவிடம் காட்டுங்கள், சரியாக இருந்தால் அவர்களுக்கு நிம்மதி. அது கூடியிருந்தால் மட்டும் அளவை டாக்டர் முடிவு செய்யட்டும்.

உளுந்தங்களியில் உளுந்து உங்களுக்கு நல்ல சரக்கு. 25 கிராம் உளுந்து மாவில் ஐந்தாறு கிராம் புரோட்டீன் இருக்கிறது. கருப்பட்டியும் நல்லெண்ணெயும்தான் இப்போது ஆகாது. இனிப்பு மொத்தமாகக் குடலுக்குள் இறங்கினால் சிலருக்குக் கால் மணி, அரை மணியில் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு வரும். இன்னும் சிலருக்கு ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரை சட்டென்று இறங்கி மயக்கம் வரும். டம்பிங் என்பார்கள். இரைப்பை பைபாஸ் ஆபரேஷன் செய்தவர்களுக்கு இது அதிகம், ஸ்லீவ் செய்தவர்களுக்கும் வராமல் இல்லை. அதனால் அம்மாவிடம் களியாகக் கிண்டாமல் உளுந்து மாவில் உப்புப் போட்டு, சீரகம் தட்டிக் கஞ்சியாகக் காய்ச்சித் தரச் சொல்லுங்கள், வாரத்தில் இரண்டு நாள் சாயங்கால ஷேக்குக்குப் பதிலாக அதைக் குடிக்கலாம். மகனுக்காக அடுப்படியில் நிற்கிறவர்களிடம் ஒன்றும் வேண்டாம் என்று சொல்வதைவிட இது எவ்வளவோ மேல். அல்வா, பதநீர், கலர் எல்லாவற்றுக்கும் இதே காரணத்துக்காகத்தான் இப்போதைக்குத் தடை. கலரிலும் சோடாவிலும் காற்று வேறு.

டீயை அடியோடு விடச் சொல்லவில்லை. சர்க்கரை போடாமல் சின்ன கிளாஸ், நாளைக்கு இரண்டு, சாப்பாட்டை ஒட்டி வேண்டாம். ஆனால் இரும்புச்சத்து மாத்திரை போட்ட நேரத்தை ஒட்டி டீ கூடவே கூடாது, அந்தச் சத்தை உடம்பில் சேரவிடாது. கால்சியம் மாத்திரையும் அப்படித்தான், இரும்பு மாத்திரைக்கும் அதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். ஷேக்கிலும் பாலிலும் கால்சியம் இருப்பதால் ஷேக்கோடு இரும்பு மாத்திரையை விழுங்காதீர்கள். கடிதத்தில் மாத்திரை நேரம் நீங்கள் எழுதவில்லை. பதினோரு மணித் தண்ணீரோடு இரும்பு, மூன்று மணிக்கு ஒரு கால்சியம், ராத்திரி ஒன்பது மணிக்கு இன்னொன்று என்று வைத்துக்கொண்டால் எதுவும் எதையும் தொடாது. கால்சியத்தை மொத்தமாக ஒரே நேரத்தில் போட்டால் முழுசாகச் சேராது, பிரித்துத்தான் போடவேண்டும்.

பவுடரைப் பற்றிக் கொஞ்சம். டப்பாவின் முன்பக்கம் போட்டிருக்கிற படத்தையும் பெரிய எழுத்தையும் விடுங்கள், பின்பக்கத்தைத் திருப்புங்கள். ஒரு ஸ்கூப்பில் 20 கிராமாவது புரோட்டீன், சர்க்கரை ஐந்து கிராமுக்குக் கீழே, 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு) உரிம எண். இது மூன்றும் இருக்கவேண்டும். குழந்தைகளுக்குப் பாலில் கலக்கிற மால்ட் பவுடர் இதற்கு ஈடாகாது, அதில் இனிப்பும் மாவும்தான் அதிகம். கொலாஜன் பவுடரும் வேண்டாம், அதில் முழுமையான புரோட்டீன் கிடையாது. தண்ணீரில் கலந்தும் வயிற்றைப் பொருமவைத்தால் வே ஐசோலேட் என்று போட்டதை வாங்குங்கள், அதில் பால் சர்க்கரை மிகக் குறைவு. பால் சம்பந்தமே ஆகாதவர்களுக்குச் சோயா, பட்டாணிப் புரோட்டீன் இருக்கின்றன. கொதிக்கிற வென்னியில் போடாதீர்கள், திரிந்து கட்டிகட்டியாகிவிடும். முதலில் தண்ணீர், அப்புறம் பவுடர், குலுக்கிவிட்டு ஐந்து நிமிஷம் வையுங்கள், நுரை அடங்கட்டும். நுரையோடு குடித்தால் காற்றையும் சேர்த்து விழுங்கி அதுவே நெஞ்சில் முட்டும். நம் ஊர் வெயிலில் கலந்து வைத்தது இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்காது, அதனால் சாயங்காலத்துக்கு உள்ள பவுடரை ஷேக்கரில் வெறும் பொடியாகப் போட்டு வைத்திருந்து, குடிக்கும்போது தண்ணீர் ஊற்றிக்கொள்ளுங்கள்.

புரட்டாசி ஒரு மாதம் மீன் முட்டை இல்லை என்பது ஒன்றும் பெரிய தடை இல்லை. காலையில் முட்டைக்குப் பதில் துணியில் கட்டி நீர் வடித்த தயிரும் பாசிப்பருப்பும். மதியம் மீனுக்குப் பதில் பன்னீர், இல்லையென்றால் மீல்மேக்கர். மீல்மேக்கரில் பாதிக்குப் பாதி புரோட்டீன், காய்ந்தது 20 கிராம் நிறுத்துப் போட்டால் பத்து கிராம் வந்துவிடும், நன்றாக ஊறவைத்துப் பிழிந்து, பொடியாக அரைத்துக் குழம்பில் போடச் சொல்லுங்கள், அப்படியே உருண்டையாகத் தின்னவேண்டாம். அப்படியும் குறைந்தால் அந்த ஒரு மாதம் மட்டும் சாயங்காலத்து அரை ஸ்கூப்பை முழு ஸ்கூப்பாக்கிக்கொள்ளுங்கள்.

ராத்திரி கடை அடைத்த பிறகு பத்து மணிக்குச் சாப்பிட்டுவிட்டுப் பத்தரைக்குப் படுக்கிற வழக்கம் பல கடைக்காரர்களுக்கு உண்டு. உங்களுக்கும் இருந்தால் இனி வேண்டாம். ஸ்லீவுக்குப் பிறகு நெஞ்செரிச்சல் நிறையப் பேருக்கு வருகிறது. சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே இரண்டு மூன்று மணி நேரம் இருக்கட்டும், அதனால்தான் ஏழரை என்று பிடிவாதமாகச் சொன்னேன். மகன் வர நேரமாகும் நாளில் வீட்டம்மா கல்லாவில் அரை மணி உட்காரட்டும். இருபத்தைந்து நிமிஷம் யாரும் உங்களைக் கூப்பிடக்கூடாது. நின்றுகொண்டே, பாக்கிக் கணக்குச் சொல்லிக்கொண்டே விழுங்குகிற வாய் ஒன்று சரியாக மெல்லாமல் போனால்கூட அரை மணி நேரம் அவஸ்தை.

முடியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவைக்கிறேன். மூன்றாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை கொத்தாகக் கொட்டலாம். ஆபரேஷனும் வேகமாக எடை இறங்கியதும் கொடுக்கிற அதிர்ச்சி அது. பெரும்பாலும் திரும்ப முளைத்துவிடும். புரோட்டீனும் இரும்பும் குறைந்திருந்தால் அதிகமாகக் கொட்டும், அதனால் அந்தச் சமயத்தில் பயந்துபோய் ஷேக்கை இரண்டு மடங்காக்காமல் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

இன்னொன்று, இதை வீட்டில் உள்ள எல்லாருக்கும் படித்துக் காட்டுங்கள். வாந்தி நிற்காமல் தொடர்ந்தால் பி1 என்ற தயமின் சத்து உடம்பில் சில வாரத்திலேயே தீர்ந்துபோகும். கால் மரத்துப்போவது, நடையில் தள்ளாட்டம், இரண்டு இரண்டாகத் தெரிவது, பேச்சில் குழப்பம் எல்லாம் அதன் அடையாளம். நம் பக்கம் உடம்பு அசந்துபோனால் பக்கத்து கிளினிக்கில் ஒரு பாட்டில் குளுகோஸ் ஏற்றிக்கொண்டு வருகிற பழக்கம் இருக்கிறதே, தயமின் குறைந்த உடம்பில் முதலில் குளுகோஸை ஏற்றினால் மூளைக்குப் பாதிப்பு வரலாம். அதனால் எந்த டாக்டரிடம் போனாலும், ஊசியோ பாட்டிலோ போடுவதற்கு முன்னால், “எனக்கு இரைப்பை ஆபரேஷன் நடந்திருக்கிறது, வாந்தி இத்தனை நாளாக இருக்கிறது, தயமின் போடவேண்டுமா பாருங்கள்” என்று சொல்லுங்கள். ஆபரேஷன் சுருக்கத் தாளை செல்போனில் போட்டோ எடுத்து வையுங்கள், மகன் போனிலும் இருக்கட்டும். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூட நிற்கவில்லை, சிறுநீர் குறைந்து கடும் மஞ்சளாகப் போகிறது என்றால் வீட்டில் காத்திருக்க வேண்டாம்.

எத்தனை மாதம் இந்த ஷேக் என்றால், மூன்று நாலு மாதம் ஆகும்போது சாயங்கால ஷேக் நின்றுவிடும், அந்த இடத்தில் பொட்டுக்கடலையோ சுண்டலோ வந்துவிடும். ஆறு மாதம் வாக்கில் பல பேருக்குச் சாப்பாட்டிலேயே 60 கிராம் தேறிவிடுகிறது. வயிறு கொஞ்சம் இடம் கொடுக்கக் கொடுக்க மீனும் பருப்பும் உள்ளே வரவேண்டும், ஷேக் வெளியே போகவேண்டும். சிலர் இதை மாற்றிச் செய்கிறார்கள், மென்று தின்பது சிரமம் என்று ஷேக்கிலேயே நின்று, ருசிக்காக வாழைப்பழம், தேன், பேரீச்சை என்று சேர்த்துக்கொண்டே போகிறார்கள். குடிப்பது வயிற்றில் நிற்காது, ஒரு வருஷத்தில் எடை மெதுவாக மேலே ஏறும். ஒரு வருஷம் கழித்தும் காய்ச்சல், பயணம், பல்வலி என்று சாப்பிட முடியாத நாளில் ஒரு ஸ்கூப் கைவசம் இருக்கட்டும்.

நாளைக் காலையிலிருந்து மூன்று நாள், உங்கள் பற்று நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி, எத்தனை மணிக்கு என்ன உள்ளே போனது, எத்தனை மணிக்கு அடைத்தது, வாந்தி வந்ததா, தண்ணீர் எத்தனை பாட்டில் என்று எழுதுங்கள். நல்லதாகத் தெரியவேண்டும் என்று கூட்டிக் குறைத்து எழுதவேண்டாம். பவுடர் டப்பாவின் பின்பக்கத்தையும் மாத்திரைச் சீட்டையும் போட்டோ எடுத்து அந்தப் பக்கத்தோடு சேர்த்து அனுப்புங்கள். டாக்டர் போனில் என்ன சொன்னார் என்பதையும் எழுதுங்கள், அதைப் பார்த்துவிட்டுத்தான் ஏழரை மணிச் சாப்பாட்டில் பருப்பைக் கூட்டலாமா என்று சொல்வேன்.